சின்ன நாட்டுக்குத் தூதரகம் எதற்கு?

2013 அக்டோபர் 12 அன்று 'சீமேன் கார்ட் ஓகையோ' என்ற கப்பலை இந்தியக் கடலோரக் காவல் படை மடக்கி, தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. வணிகக் கப்பல்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்க ஆயுதக் காவலர்களை ஏற்றிச் சென்ற கப்பல் அது. அமெரிக்க நிறுவனம் ஒன்று நடத்திய அந்தக் கப்பலில் சியரா லியோன் கொடி பறந்தது. உள்ளே 35 பேர் இருந்தார்கள். உரிய அனுமதி இல்லாமல் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் வைத்திருந்ததாக கியூ பிரிவு போலீஸ் வழக்குப் பதிந்தது. கைதானவர்களில் இந்தியர்கள், பிரிட்டிஷார், உக்ரைனியர்களோடு 14 எஸ்டோனியர்களும் இருந்தார்கள்.

வழக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆயுத வழக்கை ரத்து செய்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் விசாரணையைத் தொடரச் சொன்னது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. இடையில் பாளையங்கோட்டை, புழல் சிறைகளில் கழிந்த மாதங்கள் அந்தக் குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

பிரிட்டனுக்குச் சென்னையிலேயே துணைத் தூதரகம் உண்டு. எஸ்டோனியாவின் மக்கள்தொகையோ சுமார் 13 லட்சம், தூத்துக்குடி மாவட்டத்தைவிடக் குறைவு. இந்தியாவில் அந்த நாட்டுக்கு இருந்தது தில்லியில் ஒரே ஒரு சின்னத் தூதரகம். அதுவும் அதே 2013-இல்தான் திறக்கப்பட்டிருந்தது. தூத்துக்குடி அங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் எஸ்டோனிய அதிகாரிகள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். சிறையில் தங்கள் குடிமக்களைப் பார்த்தார்கள். தில்லியில் அமைச்சர் மட்டம் வரை பிரச்சினையை எழுப்பினார்கள்.

தூதரக அதிகாரி சிறைக் கதவைத் திறந்துவிட முடியாது. நீதிமன்றத்தின் வேலையில் தலையிடவும் முடியாது. 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, 36-ஆவது பிரிவில் அவருக்கு மூன்று உரிமைகளைத் தருகிறது. தன் நாட்டவர் கைதாகி, அவர் கேட்டுக்கொண்டால், தூதரகத்துக்குத் தகவல் வர வேண்டும். அதிகாரி அவரை நேரில் சந்தித்துப் பேசலாம். அவருக்காக வழக்கறிஞரை ஏற்பாடு செய்யலாம். காகிதத்தில் பார்த்தால் இது சின்ன விஷயம். மொழி தெரியாத ஊரில், என்ன பிரிவில் வழக்கு என்றே புரியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு, தன் தாய்மொழியில் பேசிக்கொண்டு ஒருவர் வந்து எதிரே அமர்வது சின்ன விஷயமல்ல. உடம்பு எப்படி இருக்கிறது, மருந்து கிடைக்கிறதா, வீட்டுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவர் கேட்பார். அடுத்த வாய்தா எப்போது என்று சொல்வார். திரும்பிப் போய் அந்தக் குடும்பத்துக்குத் தகவல் அனுப்புவார்.

அரசுச் செலவைக் குறைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் சின்ன நாடுகளில் முதலில் கத்தி விழுவது இப்படிப்பட்ட தூதரகங்கள்மீதுதான். அவற்றுக்கு வாக்கு வங்கி கிடையாது. அங்கே நடக்கும் வேலை உள்ளூர் வாக்காளரின் கண்ணில் படாது. தூதர் என்றாலே விருந்து, கார், பங்களா என்ற நினைப்பு வேறு. இந்த நினைப்பு தவறு. சின்ன நாட்டுக்கு அது ஆபத்தும்கூட. பெரிய நாட்டுக்குப் படையும் பணமும் இருக்கின்றன. தூதரகம் இல்லாத இடத்திலும் அதன் சொல்லுக்கு எடை உண்டு. சின்ன நாடு உலகத்தின் கண்ணில் இருப்பதே அதன் தூதரகங்கள் வழியாகத்தான். எஸ்டோனியா இதைக் கடுமையான வழியில் கற்றுக்கொண்ட நாடு.

1918 பிப்ரவரி 24-இல் சுதந்திரத்தை அறிவித்த எஸ்டோனியா, 1920-இல் டார்ட்டு உடன்படிக்கையின் மூலம் சோவியத் ரஷ்யாவின் அங்கீகாரத்தைப் பெற்றது. 1921-இல் சர்வதேச சங்கத்தில் உறுப்பினரானது. ஐரோப்பியத் தலைநகரங்களில் தூதரகங்கள் திறந்தது. இருபது ஆண்டுகள்கூட நிம்மதியாக இருக்க முடியவில்லை. 1939 ஆகஸ்டில் ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் யூனியனும் ரகசியமாகப் பங்கு பிரித்துக்கொண்டதில் எஸ்டோனியா சோவியத் பக்கம் போனது. 1940 ஜூனில் செஞ்சேனை நாட்டை ஆக்கிரமித்தது. ஆகஸ்டில் எஸ்டோனியா சோவியத் குடியரசு ஒன்றாக மாற்றப்பட்டது. அதிபர் கொன்ஸ்டான்டின் பேட்ஸ் நாடு கடத்தப்பட்டு, 1956-இல் சோவியத் மண்ணிலேயே இறந்தார்.

நாடாளுமன்றம், ராணுவம், நாணயம் எல்லாம் போய்விட்டன. ஆக்கிரமித்தவர்களின் கை எட்டாமல் மிஞ்சியது வெளிநாடுகளில் இருந்த சில அலுவலகங்கள் மட்டுமே. ஊருக்குத் திரும்புமாறு தூதர்களுக்கு ஆணை வந்தது. பலர் மறுத்தார்கள். மாஸ்கோவில் எஸ்டோனியாவின் தூதராக இருந்த ஆகுஸ்ட் ரெய் ஸ்வீடனுக்குத் தப்பினார். ஆனால் ஸ்வீடன் அரசோ, எஸ்டோனியா உள்ளிட்ட மூன்று பால்டிக் நாடுகளின் தூதரகக் கட்டடங்களை சோவியத் யூனியனிடம் ஒப்படைத்துவிட்டது. லண்டனில் ஆகுஸ்ட் டோர்மா 1971-இல் இறக்கும்வரை தன் நாட்டின் பிரதிநிதியாகவே வாழ்ந்தார்.

அமெரிக்கா எடுத்த முடிவு எல்லாவற்றையும் மாற்றியது. 1940 ஜூலை 15-இல் அதிபர் ரூஸ்வெல்ட், அமெரிக்காவில் இருந்த பால்டிக் நாடுகளின் சொத்துகள் மாஸ்கோவின் கைக்குப் போகாமல் முடக்கினார். ஜூலை 23-இல் வெளியுறவுத் துறையின் பொறுப்புச் செயலர் சம்னர் வெல்ஸ் வெளியிட்ட அறிக்கை, இந்த விழுங்கலை அமெரிக்கா ஏற்காது என்று அறிவித்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளும் அந்தக் கொள்கை மாறவில்லை. அமெரிக்க அரசு வெளியிட்ட வரைபடங்களில்கூட, இந்த மூன்று நாடுகள் சோவியத்தில் சேர்க்கப்பட்டதை அமெரிக்கா அங்கீகரிக்கவில்லை என்ற குறிப்பு அச்சிடப்பட்டது.

அந்தக் கொள்கைக்கு உயிர் கொடுக்க ஒரு முகவரி வேண்டியிருந்தது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் சென்டரில் இயங்கிய எஸ்டோனியத் துணைத் தூதரகம்தான் அந்த முகவரி. முதலில் யோஹான்னஸ் காய்வ் அதை நடத்தினார். 1965-இல் அவர் இறந்ததும் எர்ன்ஸ்ட் யாக்சன் பொறுப்பேற்றார். 1905-இல் ரீகா நகரில் பிறந்த யாக்சன், இளம் வயதிலேயே தன் நாட்டின் வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிடும் தூதர்கள் பட்டியலில் எஸ்டோனியா என்ற பெயரும் அதன் கீழே யாக்சன் என்ற பெயரும் ஆண்டுதோறும் இடம்பெற்றன. முடக்கப்பட்ட சொத்திலிருந்து வந்த பணத்தில்தான் அலுவலகம் நடந்தது.

அங்கே நடந்த வேலை என்ன? அகதியாக வந்த எஸ்டோனியர்களுக்குப் பாஸ்போர்ட் கொடுத்தார்கள். உலக வரைபடத்தில் இல்லாமல் போன ஒரு நாட்டின் பாஸ்போர்ட் அது. அமெரிக்கா அதை ஏற்றுக்கொண்டது. பிறப்பு, திருமணம், வாரிசுரிமை சார்ந்த ஆவணங்களுக்குச் சான்று கொடுத்தார்கள். எஸ்டோனியாவின் உரிமையைப் பாதிக்கும் சர்வதேச முடிவு எதுவும் வரும்போது எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். பெரும்பாலும் கவனிக்கப்படாத கடிதங்கள்தான் அவை. ஆனாலும் கோப்பில் ஏறின.

வீட்டை ஒருவர் அடாவடியாகப் பறித்துக்கொண்டாலும் பட்டா உரியவர் கையில் இருக்கும்வரை வழக்கு செத்துப்போவதில்லை. நியூயார்க் அலுவலகம் எஸ்டோனியாவுக்கு அந்தப் பட்டாவாக இருந்தது. 1991 ஆகஸ்ட் 20-இல், மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்துகொண்டிருந்த வேளையில், தலைநகர் டாலினில் எஸ்டோனிய நாடாளுமன்றம் சுதந்திரத்தை மீண்டும் நிலைநாட்டியது. புதிதாக ஒரு நாடு பிறந்ததாக அது சொல்லவில்லை. 1918-இல் பிறந்த அதே நாடு தொடர்கிறது என்றது. அப்படிச் சொல்ல முடிந்ததற்கு ஒரு காரணம், அந்த அரசின் அலுவலகம் ஒன்று ஐம்பத்தோரு ஆண்டுகளும் மூடப்படாமல் இருந்தது. செப்டம்பர் 2-இல் அமெரிக்கா உறவை முழுமையாகப் புதுப்பித்தது. செப்டம்பர் 17-இல் எஸ்டோனியா ஐ.நா. உறுப்பினரானது. அந்த ஆண்டிலேயே, 86 வயது யாக்சன் வாஷிங்டனுக்கும் ஐ.நா.வுக்கும் தன் நாட்டின் தூதரானார். 1998-இல் அவர் இறந்தபோது அவருடைய தூதரகப் பணிக்கு வயது 69.

இந்தத் தொடர்ச்சிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. போருக்கு முந்தைய குடியுரிமைச் சட்டமே 1992-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. சோவியத் காலத்தில் குடியேறிய ரஷ்ய மொழி பேசுவோரில் பெரும்பாலானோர் தாங்களாகவே குடிமக்களாகிவிடவில்லை. மொழித் தேர்வெழுதி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அந்தக் காயம் இன்னும் முழுமையாக ஆறவில்லை.

எஸ்டோனியாவின் வெளியுறவு அமைச்சகம் டாலினில் இருக்கும் இடம் இந்தக் கதையின் அடுத்த பகுதியைச் சொல்கிறது. அது ஒரு காலத்தில் எஸ்டோனியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு இருந்த கட்டடம். வாசலில் நின்ற லெனின் சிலையை 1991 ஆகஸ்டில் கிரேன் வைத்து இறக்கினார்கள். இன்று அந்த இடத்தின் பெயர் ஐஸ்லாந்து சதுக்கம். 1991 ஆகஸ்டில் எஸ்டோனியாவின் சுதந்திரத்தை அங்கீகரிக்கப் பெரிய நாடுகள் தயங்கிக்கொண்டிருந்தபோது முன்னால் வந்த முதல் நாடு ஐஸ்லாந்து. அதன் வெளியுறவு அமைச்சர் யோன் பால்ட்வின் ஹன்னிபால்சன், மூன்று பால்டிக் நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களையும் ஆகஸ்ட் 26-இல் ரெய்க்யவிக் நகருக்கு அழைத்துத் தூதரக உறவை ஏற்படுத்திக் கையெழுத்திட்டார். ஐஸ்லாந்தின் மக்கள்தொகை அப்போது மூன்று லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஒரு சின்ன நாட்டின் துணிவு இன்னொரு சின்ன நாட்டுக்குக் கதவு திறந்தது.

அப்போது எஸ்டோனியாவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் எழுத்தாளரும் ஆவணப்பட இயக்குநருமான லென்னார்ட் மெரி. அவருடைய தந்தையும் தூதரகப் பணியில் இருந்தவர். மகனின் பிள்ளைப் பருவம் பெர்லினிலும் பாரிஸிலும் கழிந்தது. 1941-இல் குடும்பமே ரஷ்யாவுக்கு நாடு கடத்தப்பட்டது. பிறகு 1992-இல் நாட்டின் அதிபரான மெரி, வெளியுறவு அமைச்சகத்தை ஏறக்குறைய வெறுங்கையோடு கட்டினார். அனுபவமுள்ள தூதர்கள் கிடையாது. சோவியத் பயிற்சி பெற்றவர்களை நம்ப முடியாது. மொழி தெரிந்த இளைஞர்களைத் தேடிப்பிடித்து வேலைக்குச் சேர்த்தார்.

இன்று எஸ்டோனியாவுக்கு வெளிநாடுகளில் இருக்கும் தூதரகங்களும் பிற அலுவலகங்களும் நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் உள்ளன. உலகில் நாடுகளோ இருநூறை நெருங்குகின்றன. மிச்சத்தை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் சின்ன நாட்டின் சாமர்த்தியம் இருக்கிறது.

ஒரு தூதரைப் பல நாடுகளுக்கு நியமிப்பது முதல் வழி. தில்லியில் இருக்கும் எஸ்டோனியத் தூதரே இலங்கை உள்ளிட்ட அண்டை நாடுகள் சிலவற்றையும் கவனிக்கிறார். ஐஸ்லாந்தின் தூதர் ஹெல்சிங்கியில் இருந்துகொண்டே எஸ்டோனியாவைப் பார்த்துக்கொள்கிறார். கவுரவத் தூதர்கள் இரண்டாவது வழி. அந்தந்த ஊரில் வாழும் தொழிலதிபரோ வழக்கறிஞரோ சம்பளம் வாங்காமல், தன் அலுவலகத்தில் ஒரு அறையை ஒதுக்கி, இன்னொரு நாட்டின் பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்கிறார். வியன்னா உடன்படிக்கை இவர்களுக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. எஸ்டோனியாவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கவுரவத் தூதர்கள் உண்டு. பாஸ்போர்ட் தொலைத்த பயணியின் தொலைபேசி அழைப்பை முதலில் எடுப்பவர் பல ஊர்களில் இவர்தான்.

மூன்றாவது வழி, பங்காளிகளோடு பகிர்ந்துகொள்வது. 2011-இல் நார்டிக் நாடுகள் ஐந்தும் பால்டிக் நாடுகள் மூன்றும் ஒன்றுசேர்ந்து, ஒருவர் தூதரகத்தில் இன்னொருவர் தன் அதிகாரியை உட்காரவைக்கலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் இன்னொரு வசதியும் வந்தது. ஒன்றியத்துக்கு வெளியே, எஸ்டோனியத் தூதரகம் இல்லாத நாட்டில் ஒரு எஸ்டோனியர் மாட்டிக்கொண்டால், ஒன்றியத்தின் எந்த நாட்டுத் தூதரகத்தின் கதவையும் தட்டலாம். அந்த நாடு தன் குடிமக்களுக்குச் செய்யும் உதவியை அவருக்கும் செய்ய வேண்டும்.

இந்தப் பகிர்வு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை 2011 காட்டியது. மார்ச் 23-இல், சிரியாவிலிருந்து எல்லை தாண்டி லெபனானின் பெக்கா பள்ளத்தாக்குக்குள் நுழைந்த ஏழு எஸ்டோனிய சைக்கிள் பயணிகளை ஆயுதக் கும்பல் கடத்தியது. பெய்ரூட்டில் எஸ்டோனியாவுக்குத் தூதரகம் இல்லை. அங்கே யார் யாரோடு பேசுவார்கள், எந்தக் குழு எவர் பேச்சைக் கேட்கும் என்ற நெளிவுசுளிவு தெரிந்த ஆட்களும் இல்லை. நட்பு நாடுகளை நம்பித்தான் எல்லாம் நடந்தது. 113 நாள் கழித்து, ஜூலை 14-இல் ஏழு பேரும் விடுவிக்கப்பட்டு, பெய்ரூட்டில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பிரான்ஸ் கைகொடுத்தது, நல்லபடியாக முடிந்தது. ஆனால் நண்பரின் தயவு எல்லா நேரமும் கிடைக்கும் என்று ஒரு அரசு கணக்குப் போட முடியாது. அதே பிரான்ஸுக்கு அந்த ஊரில் வேறு அவசரம் இருந்திருந்தால்?

பகை சூழும்போது தூதரகமே முதல் களமாகிறது. 2007 ஏப்ரல் கடைசியில், டாலின் நகரின் மையத்தில் இருந்த சோவியத் போர்வீரர் சிலையை அரசு ராணுவக் கல்லறைக்கு இடம் மாற்றியது. நகரில் கலவரம் வெடித்தது. நாட்டின் வங்கி, செய்தி, அரசு இணையதளங்கள்மீது வாரக்கணக்கில் இணையத் தாக்குதல் நடந்தது. மாஸ்கோவில் 'நாஷி' என்ற இளைஞர் அமைப்பினர் எஸ்டோனியத் தூதரகத்தைப் பல நாள் முற்றுகையிட்டார்கள். தூதர் மரினா கல்யுராண்ட் மே 2-இல் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் செய்தியாளர்களைச் சந்திக்கப் போனபோது, கும்பல் உள்ளே புகுந்தது. பாதுகாவலர்கள் மிளகுத் தூள் தெளிப்பானைப் பயன்படுத்தித்தான் அவரைக் காக்க முடிந்தது. தூதரகத்துக்குப் பாதுகாப்புத் தர வேண்டிய கடமை அதை வரவேற்ற நாட்டுக்கு உண்டு என்று 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை சொல்கிறது. அந்தக் கடமை தவறுவதை ஐரோப்பா முழுவதும் பார்த்தது. கல்யுராண்ட் பிறகு நாட்டின் வெளியுறவு அமைச்சரானார்.

உக்ரைன் போர் தொடங்கிய பின் நிலைமை இன்னும் மோசமானது. 2022-இல் எஸ்டோனியா தன் மண்ணில் இருந்த ரஷ்யாவின் நார்வா, டார்ட்டு அலுவலகங்களை மூடச் சொன்னது. ரஷ்யா பதிலுக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ப்ஸ்கோவ் ஆகிய இடங்களில் இருந்த எஸ்டோனிய அலுவலகங்களை மூடியது. 2023 பிப்ரவரியில் இரு நாட்டுத் தூதர்களும் ஊர் திரும்பினார்கள். உறவு பொறுப்புத் தூதர் அளவுக்கு இறங்கியது. ஆனாலும் மாஸ்கோ தூதரகத்தை எஸ்டோனியா அடியோடு மூடவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சொந்தமும் சொத்தும் உள்ள மக்கள் இருக்கும்வரை அங்கே ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்ற தெளிவு அதில் தெரிகிறது.

தூதரகச் செலவு என்றாலே வீண் என்பவர்கள் 2019 ஜூன் 7-ஐ நினைவுகூர வேண்டும். அன்று ஐ.நா. பொதுச்சபையில் பாதுகாப்பு கவுன்சிலின் தற்காலிக இடத்துக்கு எஸ்டோனியாவும் ருமேனியாவும் மோதின. ருமேனியா அதைவிடப் பல மடங்கு பெரிய நாடு. ஏற்கெனவே கவுன்சிலில் இருந்த அனுபவம் உள்ளது. எஸ்டோனியா அதுவரை அங்கே உட்கார்ந்ததே இல்லை. இரண்டாம் சுற்றில் 132 வாக்குகளோடு எஸ்டோனியா வென்றது. அந்தத் தேர்தலில் பெரிய நாட்டுக்கும் ஒரு வாக்கு, பசிபிக் தீவுக்கும் ஒரு வாக்கு. ஆண்டுக்கணக்கில் நியூயார்க்கிலும் பிற தலைநகரங்களிலும் ஆள் ஆளாகச் சந்தித்துப் பேசாமல் இத்தனை வாக்கு விழாது.

கிடைத்த இடத்தை எஸ்டோனியா வீணாக்கவில்லை. 2020 மார்ச்சில், ஜார்ஜியா மீதான இணையத் தாக்குதலை அமெரிக்கா, பிரிட்டனோடு சேர்ந்து பாதுகாப்பு கவுன்சிலில் எழுப்பியது. ஒரு குறிப்பிட்ட இணையத் தாக்குதல் அந்த மன்றத்தில் பேசப்பட்டது அதுவே முதல்முறை. 2021 ஜூனில் தலைமைப் பொறுப்பு கிடைத்தபோது, பிரதமர் காயா கல்லாஸ் தலைமையில் இணையப் பாதுகாப்பு குறித்த முறையான திறந்த விவாதத்தை நடத்தியது. 2007-இல் தனியாக அடி வாங்கிய நாடு, அந்த அனுபவத்தை உலகத்தின் நிகழ்ச்சிநிரலில் ஏற்றியது.

தூதரகம் என்ற ஏற்பாட்டையே எஸ்டோனியா புதிதாகவும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறது. சட்டங்கள் வெளியாகும் அதன் அரசிதழ் 2010-இலிருந்து மின்வடிவில்தான் வருகிறது. நிலப் பதிவேடு, மக்கள்தொகைப் பதிவேடு எல்லாம் கணினியில் இருக்கின்றன. இன்னொரு ஆக்கிரமிப்போ பெரும் இணையத் தாக்குதலோ வந்தால் இவற்றின் கதி என்ன? 1940-ஐ மறக்காத நாடு இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவில்லை. 2017-இல் லக்சம்பர்க்கோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அங்குள்ள தரவு மையத்தில் முக்கியப் பதிவேடுகளின் பிரதியை வைத்தது. தூதரகக் கட்டடத்துக்குத் தரும் பாதுகாப்புக்கு இணையான பாதுகாப்பை அந்த இடத்துக்கு லக்சம்பர்க் தந்திருக்கிறது. எஸ்டோனியாவின் அனுமதி இல்லாமல் லக்சம்பர்க் அதிகாரிகள் அதற்குள் நுழைய முடியாது. தரவுத் தூதரகம் என்றே அதை அழைக்கிறார்கள்.

வெளிநாட்டவருக்கு மின்னணு அடையாள அட்டை தரும் திட்டத்தையும் 2014 டிசம்பரில் எஸ்டோனியா தொடங்கியது. உலகின் எந்த மூலையிலிருந்தும் அந்த அட்டையை வைத்துக்கொண்டு எஸ்டோனியாவில் நிறுவனம் பதிவு செய்யலாம். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். விண்ணப்பிப்பது இணையத்தில்தான், ஆனால் அட்டையை வாங்க நேரில் வர வேண்டும். முகத்தையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பிட்டு, கைரேகை எடுத்த பிறகே அட்டையைக் கையில் கொடுக்கிறார்கள். அந்தக் கைரேகை எடுக்கும் இடம் பெரும்பாலும் தூதரகம். இணையத்தை இவ்வளவு நம்பும் நாடுகூட, ஒரு மனிதரை இன்னார் என்று உறுதிப்படுத்தும் கட்டத்தில் தூதரக மேசையைத்தான் நம்புகிறது.

காணொளிக் கூட்டம் வந்துவிட்டது, மின்னஞ்சல் இருக்கிறது, தூதரகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். வெளியுறவு அமைச்சர்கள் திரையில் பேசிக்கொள்ளலாம். சிறையில் இருப்பவரைத் திரையில் பார்த்தால் அவர் உடம்பில் காயம் இருக்கிறதா என்று தெரியாது. ஒரு நாட்டின் அதிகாரிகளில் யார் உண்மையில் முடிவெடுக்கிறார், யாரிடம் சொன்னால் கோப்பு நகரும் என்பது அந்த ஊரில் ஆண்டுக்கணக்கில் புழங்கியவருக்குத்தான் தெரியும். நெருக்கடி வந்த பிறகு ஓடிப்போய் அந்தப் பழக்கத்தைச் சம்பாதிக்க முடியாது. தில்லி தூதரகம் 2013-இல் திறக்கப்படாமல் இருந்திருந்தால், எஸ்டோனிய அதிகாரிகள் தூத்துக்குடி வழக்கைக் கவனிக்க வேறொரு நாட்டிலிருந்து வந்துபோக வேண்டியிருந்திருக்கும்.

அதற்காக எல்லா நாட்டிலும் தூதரகம் திறக்க வேண்டும் என்பதில்லை. பெருமைக்காகத் திறக்கும் தூதரகம் மக்கள் பணத்தைத் தின்னும். ஆள் பற்றாத அலுவலகத்தில் தூதர் விருந்தினரை வரவேற்பதிலேயே நாள் போக்குவார். சின்ன நாடு மூன்று இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: தன் மக்கள் அதிகம் போகும், சிக்கலில் மாட்டும் இடம், தன்னைப் பாதிக்கும் முடிவுகள் எடுக்கப்படும் நியூயார்க், ஜெனீவா, பிரஸ்ஸல்ஸ் போன்ற இடம், நாளை ஆபத்து வந்தால் குரல் கொடுக்கக்கூடிய நண்பர்கள் இருக்கும் இடம். இந்த மூன்றிலும் சேராத தலைநகரங்களுக்குக் கவுரவத் தூதரோ, பக்கத்து நாட்டுத் தூதரோ போதும். ஆனால் இந்த மூன்றில் சேரும் இடத்தில் ஒரு அலுவலகத்தை மூடுவதற்குமுன், அடுத்த முறை அது தேவைப்படும் நாளில் திரும்பத் திறக்க எத்தனை ஆண்டாகும் என்ற கணக்கையும் நிதி அமைச்சகம் போட வேண்டும். வாடகை, சம்பளம், கார் செலவு மட்டும் எழுதிய தாளில் அந்தக் கணக்கு இருக்காது.

இந்தியாவைப் போன்ற பெரிய நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. எஸ்டோனியா தில்லியில் தூதரகம் திறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், டாலினில் இந்தியாவுக்குத் தூதரகம் இல்லை. ஹெல்சிங்கியில் இருந்த இந்தியத் தூதரகமே எஸ்டோனியாவையும் சேர்த்துக் கவனித்தது. 2019 ஆகஸ்டில் குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு பால்டிக் நாடுகளுக்குச் சென்றுவந்தார். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அனுமதி தந்தது. 2021-இல் டாலினில் தூதரகம் வந்தது. அதற்குமுன் அங்கே படிக்கும் இந்திய மாணவரோ மென்பொருள் ஊழியரோ தூதரக மேசையில் நேரில் நிற்க வேண்டிய வேலை வந்தால், பின்லாந்து வளைகுடாவைக் கப்பலில் இரண்டு மணி நேரம் கடந்து ஹெல்சிங்கி போய்வர வேண்டியிருந்தது. இப்போது அந்த வேலை டாலினிலேயே முடிகிறது. எந்த நாட்டிலும் தூதரகச் செலவு பற்றி விவாதம் நடக்கும்போது, செலவுப் பட்டியலுக்குப் பக்கத்தில் அந்த மாணவருக்கு மிச்சமான பயணத்தையும், புழல் சிறையில் எஸ்டோனியருக்குக் கிடைத்த சந்திப்பையும், 132 வாக்குகளையும் ஒரே தாளில் எழுதிவைத்துப் பேச வேண்டும்.